மாற்றுரைப்பவரின் மாற்று

ஒரு பொருளின் மதிப்பு அப்பொருளிடத்தே உள்ளதா, அன்றி அதனை மதிப்பவரிடத்தே உள்ளதா என்னும் வினா, தர்க்க சாஸ்திரம் கற்றோர் சபையில் மாத்திரம் எழுவதன்று. பழங்காசு சேர்க்கும் எளிய மனிதர் ஒருவர், தாம் நெடுங்காலம் போற்றி வைத்திருந்த செப்புக்காசு ஒன்றைக் கடல் கடந்த தரநிர்ணய நிறுவனத்துக்கு அனுப்பி, தபாற் செலவும் காப்புறுதியும் கட்டணமும் செலுத்தி, மாதக்கணக்கிற் காத்திருந்து, இறுதியிற் காரணம் எதுவும் கூறாத ஒரு சிறு சீட்டோடு அதனைத் திரும்பப் பெறும்போது, அந்த வினா அவருடைய உள்ளங்கையிலேயே வந்து அமர்ந்துவிடுகின்றது. காசு அதே காசுதான். ஆயினும் நேற்று வரை அவருக்கு இருந்த நிச்சயம் இன்று இல்லை. அந்த நிச்சயத்தைக் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் உரிய அதிகாரம் யாருக்கு உண்டு, எதனால் உண்டு என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

எங்கள் ஊவா மலைநாட்டுக்கு இவ்வினா அந்நியமானதன்று. மேற்கே ஹல்துமுல்லையிலிருந்து வரும் நெடுஞ்சாலை கொஸ்லாந்தையை நோக்கி இறங்குமிடத்தில், ஹப்புத்தளைக்கு ஏறும் பாதை பிரிகின்ற பெரகல சந்தியில் நின்று பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் தேயிலையே தெரியும். அத்தேயிலையின் அடியில் ஒரு கோப்பிக் காலம் புதையுண்டு கிடக்கின்றது. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தொழித்து, அந்த நிலத்தைத் தேயிலைக்குக் கொடுத்தது. மரம் மாறினும் மண் மாறவில்லை. முள்ளுக்குத்தும் வேலையிலும் கான் வெட்டும் வேலையிலும் அக்காலத்துக் காசுகள் சில வேளைகளில் வெளிப்படுகின்றன. பழைய லயங்களின் தகரப்பெட்டிகளிலும் சுவாமிப் படத்தின் பின்புறத்திலும் இன்னும் சில பேணப்பட்டிருக்கின்றன. இலங்கையில் ரூபாயும் சதமும் 1872இல் நடைமுறைக்கு வந்தபோது புழக்கத்துக்கு விடப்பட்ட, 1870ஆம் ஆண்டு பொறித்த செப்புக்காசுகள் அவற்றுட் சிறப்பானவை. ஒரு புறம் விக்டோரியா மகாராணியின் தலை. மறுபுறம் பனையினத்து மரமொன்று. அம்மரத்தின் இரு மருங்கும் சிங்களமும் தமிழும். எழுத்தறியாத ஒரு பரம்பரையின் உழைப்புக்குக் கூலியாகச் சென்ற காசில் அப்பரம்பரையின் மொழி பொறிக்கப்பட்டிருந்தது என்பதே அதைக் கையிலெடுப்பவரின் நெஞ்சை நெகிழச் செய்வதற்குப் போதுமானது.

அவ்வாறான ஐந்து சதக் காசு ஒன்று என்னிடம் உண்டு. அதன் மேல்விளிம்பருகே ஆணியால் இட்ட துளையொன்று இருக்கின்றது. துளையின் உட்புறம் நூல் உரசி உரசி மழமழப்பாகியிருக்கின்றது. குழந்தையின் அரைஞாணில் அது கோக்கப்பட்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. மகாராணியின் கன்னமும் கூந்தலும் தேய்ந்து ஒன்றாகிவிட்டன. மரத்தைச் சுற்றிய வளையத்துள் மாத்திரம் கருஞ்செம்மை எஞ்சி நிற்க, மேட்டுப் பகுதிகள் வெளிறிய செந்நிறமாய் விளங்குகின்றன. தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியிட்டுத் துலக்கியதன் விளைவு அது. இத்தகைய காசைத் தரநிர்ணய நிறுவனங்களுக்கு அனுப்பினால் அவர்கள் எண் எதுவும் வழங்குவதில்லை. துளையிடப்பட்டது, துலக்கப்பட்டது என்று குறித்து, குறையுள்ள காசுகளின் வரிசையிலே அதனைச் சேர்த்துவிடுவார்கள். அவர்கள் கூறுவது பொய்யன்று. துளை துளைதான், துலக்கல் துலக்கல்தான். ஆனால் தாயொருத்தி தன் குழந்தைக்குக் காப்பாக இட்ட துளையும், தெய்வத்தின் திருமுன் வைப்பதற்காகத் தேய்த்த ஒளியும் ‘சேதம்’ என்னும் ஒரே சொல்லுள் அடங்கும்போது, அவ்வளவுகோல் எதனை அளப்பதற்கு ஏற்பட்டது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டாகின்றது.

அந்த அளவுகோலின் வரலாறு அறியத்தக்கது. அமெரிக்க உளவியல் அறிஞரான வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல், தம் நாட்டின் பழைய பெருஞ் செப்புச் சதங்களைப் பற்றி எழுதிய நூலில், ஒன்று முதல் எழுபது வரையிலான தர எண்களை வகுத்தார். எழுபது என்னும் எண் எங்கிருந்து வந்தது? 1794ஆம் ஆண்டுச் சதம் மிக மோசமான நிலையில் ஒரு டாலர் பெறுமாயின், மிகச் சிறந்த நிலையில் ஏறத்தாழ எழுபது டாலர் பெறும் என்னும் அக்காலச் சந்தைக் கணக்கிலிருந்து வந்தது. அதாவது, இன்று காசின் குணத்தை அளப்பதாகக் கருதப்படும் எண், பிறக்கும்போது விலையின் விகிதமாகவே பிறந்தது. அந்த விலை விகிதம் சில ஆண்டுகளிலேயே மாறிப்போயிற்று. எண் மாத்திரம் நிலைத்து, பின்னர் எல்லா நாட்டுக் காசுகளுக்கும் உரியதாயிற்று. 1986இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனமும் 1987இல் என்.ஜி.சி. நிறுவனமும் தோன்றி, காசைப் பரிசோதித்து எண் இட்டு, உடைத்தாலன்றித் திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் முறையை உலகெங்கும் பரப்பின. அளவுகோலை வகுத்த ஷெல்டனோ, நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியற் சங்கத்தின் சேகரிப்பிலிருந்த சிறந்த சதங்களை எடுத்துக்கொண்டு, தம்மிடமிருந்த தரங்குறைந்தவற்றை அவ்விடத்தில் வைத்துவிட்டார் என்பது அவருடைய மரணத்துக்குப் பின் வெளிப்பட்டு, நீதிமன்றம் வரை சென்றது. தரத்தைப் பிறர்க்குக் கற்பித்தவரின் கையே தரத்தை மாற்றி வைத்தது. கூரிய கண் உடைமை வேறு, நேரிய நெஞ்சுடைமை வேறு என்பதற்கு இதனினும் துயரமான திருஷ்டாந்தம் நாணய உலகில் இல்லை.

சேகரிப்போரின் மனக்குறைகள் பல. அவை பெரும்பாலும் நியாயமானவை. ஆண்டுக்கணக்காக ஒருவர் ஆராய்ந்த காசைப் பரிசோதகர் சில விநாடிகளே நோக்குகின்றார். அறுபத்து நான்குக்கும் அறுபத்தைந்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கண் காண்பதரிது. விலையோ பன்மடங்கு காண்கின்றது. ஆகவே பலர் உறையை உடைத்து, அதே காசை அதே நிறுவனத்துக்கு மீண்டும் அனுப்புகின்றனர். மறுமுறை வேறு எண் கிடைப்பதும் உண்டு. கீழைத்தேயத்துச் சராபுகள் தாம் சோதித்ததற்கு அடையாளமாக இட்ட முத்திரைகள் நெடுங்காலம் குறைகளாகவே எண்ணப்பட்டன. எங்கள் தீவில் வழங்கிய, வெள்ளிக் கம்பியை வளைத்துச் செய்த கொக்கிக்காசுகளில், உள்ளும் வெள்ளிதானா என்று அறிய முன்னோர் இட்ட உளிவெட்டுக்களும் அவ்வாறே. ஒரு காலத்துப் பரிசோதனையின் சான்று மற்றொரு காலத்துப் பரிசோதனையில் குற்றமாகின்றது. இவ்வளவும் போதாதென்று, நிறுவனம் இட்ட எண் சரியானதா என்று சோதித்து, அந்த உறையின்மேலே தன் ஒட்டுச்சின்னத்தைப் பதிக்கும் மற்றொரு நிறுவனமும் 2007இல் அமெரிக்காவில் தோன்றிற்று. சோதித்தவரைச் சோதிப்பவர் வந்தார். அவரைச் சோதிப்பவர் யார்?

இவ்விடத்தில் நம் முன்னோரின் தர்க்கம் துணைக்கு வருகின்றது. ஓர் அறிவு மெய்யானது என்னும் உறுதி அவ்வறிவிலேயே உள்ளதா, பிறிதொன்றால் வருவதா என்று மீமாம்சகரும் நையாயிகரும் நெடுங்காலம் வாதிட்டனர். பிறிதோர் அறிவால்தான் உறுதி பிறக்கும் எனின், அதற்கு வேறோர் அறிவு, அதற்கும் மற்றோர் அறிவு என முடிவின்றிச் செல்லும் அநவஸ்தை என்னும் தோஷம் வரும் என்பது மீமாம்சகர் கூற்று. நையாயிகர் அதற்கு விடையிறுத்தனர்: தூரத்தே தோன்றுவது நீர்தானா, கானல்தானா என்னும் ஐயம், சென்று அள்ளிப் பருகித் தாகம் தணியும்போது தீர்கின்றது; பயன் தருவதே மெய்ம்மைக்குச் சான்று. வழக்கிலுள்ள காசுக்கு இவ்விடை பொருந்தும். கொடுத்தால் அரிசி கிடைக்குமாயின் அது நல்ல காசு. ஆனால் சேகரிப்போர் கையிலுள்ள காசு வழக்கிலிருந்து விலகிவிட்ட காசு. அதைக் கொண்டு அரிசி வாங்குவாரில்லை. அதற்கு எஞ்சிய பயன், கண்ணுக்கும் கருத்துக்கும் தரும் நிறைவு ஒன்று, மறுவிற்பனை மற்றொன்று. முன்னதை எவரும் எண்ணால் அளக்க இயலாது. பின்னதிலோ, தரம் உயர்ந்தது என்பதற்கு விலை சான்றாகவும், விலை உயர்வதற்குத் தரம் காரணமாகவும் நின்று, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் அன்னியோன்னியாசிரயம் என்னும் தோஷமே எஞ்சுகின்றது. சேகரிப்போரின் மனம் அமைதியுறாமைக்கு மூலகாரணம் இதுதான். பரிசோதகர் கவனக்குறைவுடையவர் என்பதோ, கட்டணம் மிகுதி என்பதோ இரண்டாம் பட்சமான காரணங்களே. தன்னைத் தவிர வேறு ஊன்றுகோல் இல்லாத ஒரு தீர்ப்பின்மீது தம் நிச்சயத்தை அவர்கள் ஏற்றி வைத்தார்கள்.

அப்படியானால் பரிசோதனையே வேண்டாவோ என்றால், அதுவும் நம் மரபுக்கு ஒவ்வாது. காசையும் பொன்னையும் நோட்டம் பார்ப்போரை வண்ணக்கன் என்று பழந்தமிழகம் அழைத்தது; வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் முதலாய சங்கப் புலவரின் பெயரிலேயே அத்தொழில் நின்று விளங்குகின்றது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் ரூபதர்சகன் என்னும் நாணயப் பரிசோதகனை நியமித்து, பரிசோதனைக்கு நூற்றுக்கு எட்டில் ஒரு பங்கு கட்டணத்தையும் குறித்தது. அத்துடன் நில்லாது, செல்லத்தக்க காசைத் தள்ளினாலும் செல்லத்தகாததை ஏற்றாலும் அப்பரிசோதகனுக்கே தண்டமும் விதித்தது. தீர்ப்புக் கூறுவோனும் தீர்ப்புக்கு உட்பட்டவன் என்னும் அந்த நெறியை நாம் மறத்தலாகாது. இன்றோ போலிக் காசுகள் பெருகி, தேர்ந்த கண்களையும் ஏமாற்றுகின்றன. விற்போரெல்லாம் தம் காசு புதுக்காசு என்றே சத்தியம் செய்கின்றனர். தொலைவிலிருந்து படத்தை மாத்திரம் பார்த்து வாங்கும் ஏழைச் சேகரிப்பாளருக்கு நடுநிலையான மூன்றாமவர் ஒருவர் அவசியம். போலியைப் போலி என்று கூறுவது பெரிய தர்மம். அதனைத் தரநிர்ணய நிறுவனங்கள் பெருமளவு செய்துவருகின்றன என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

சைவ சித்தாந்தம் இவ்விரு துருவங்களுக்கிடையே ஒரு வழியைக் காட்டுகின்றது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை ஆராய்ந்து, காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் பிறவற்றை அடக்கினார். நிறுவனத்தின் சீட்டு, சேகரிப்போருக்கு ‘உரை’ என்னும் அளவையைச் சார்ந்தது. பிறர் கண்டு சொன்ன சொல். அச்சொல் பிரமாணமாவது சொல்வோர் ஆப்தராய் இருக்கும்போதுதான். பொருளை உள்ளபடி அறிந்தவராய், அறிந்ததை மறையாதவராய், கேட்போரின் நன்மையை விரும்புபவராய் அவர் இருத்தல் வேண்டும். அனுப்புவோரிடமே கட்டணம் பெற்று, அனுப்பப்படும் காசுகளின் தொகையாலே வளரும் ஒரு வாணிக நிறுவனம் இம்மூன்றையும் எப்பொழுதும் காத்து நிற்றல் எளிதன்று. ஆன்மா தான் எதனைச் சார்கின்றதோ அதன் வண்ணமாகும் இயல்பினது என்று சித்தாந்தம் கூறும். சார்ந்தது பொருளாயின் அறிவு பொருளின் வண்ணம் பெறும், சார்ந்தது கூலியாயின் கூலியின் வண்ணம் பெறும். மேலும், உயிரறிவு காட்டக் காணும் அறிவு. ஒளியும் கண்ணும் பழக்கமும் கூடினாலன்றி அது காணாது. கண்டபோதும் ஐயமும் திரிபும் அதனைத் தொடரும். முற்றறிவு இறைவன் ஒருவனுக்கே உரியது. சில விநாடிகளில் ஒரு மனிதர் கண்டதை ‘அறுபத்தைந்து’ என்று கூறி, இனி எவரும் தொடாதவாறு மூடி முத்திரையிடுவதில் சிற்றறிவு முற்றறிவின் ஆசனத்தில் அமர்கின்றது. பிழை கணிப்பதில் இல்லை. கணிப்பை முடிந்த முடிபாக்குவதில் உள்ளது.

காசின் தரம் பற்றிய இவ்விசாரணைக்கு நம் சமய வரலாற்றிலேயே ஓர் உயர்ந்த சம்பவம் இருக்கின்றது. திருவீழிமிழலையில் கொடிய பஞ்சம் பரவிய காலத்தில், அடியார்களுக்கு அமுதளிக்கும் பொருட்டு இறைவன் திருஞானசம்பந்தருக்கும் திருநாவுக்கரசருக்கும் நாள்தோறும் பலிபீடத்திலே ஒவ்வொரு பொற்காசு வைத்தருளினான் என்று சேக்கிழார் பாடுகின்றார். நாவுக்கரசரின் திருமடத்தில் உரிய காலத்தில் அமுது படைக்கப்பட்டது. சம்பந்தரின் திருமடத்திலோ தாமதமாயிற்று. காரணம் வினவியபோது, சம்பந்தர் பெற்ற காசுக்கு வணிகர் வாசி கேட்கின்றனர், அதாவது மாற்றுக் குறைவென்று வட்டம் பிடிக்கின்றனர் என்பது தெரியவந்தது. இறைவன் கொடுத்த காசு. ஞானக்குழந்தை பெற்ற காசு. ஆயினும் கடைத்தெரு அதனை உரைத்துப் பார்த்தே ஏற்றது.

இங்கே நாம் ஆழ்ந்து நோக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, சம்பந்தர் அந்த வணிகர்மீது வெகுளவில்லை. கொடுத்தவன் இறைவன் என்பதைக் காட்டி அவர்களை அடக்க முற்படவுமில்லை. வாசி இல்லாத காசு அருள்க என்று கொடுத்தவனிடமே பதிகம் பாடி விண்ணப்பித்தார். அதன்பின் நற்காசே கிடைத்தது. பரிசோதிக்கும் உரிமையை ஞானி மறுக்கவில்லை. பரிசோதனைக்கு நிற்கும் பொருளை வேண்டினார். இரண்டாவது, நாவுக்கரசரின் காசு ஏன் முதலிலேயே வாசியின்றி இருந்தது? அவர் உழவாரம் ஏந்தித் திருக்கோயில் முற்றங்களிலே புல் செதுக்கிக் கைத்தொண்டு செய்தவர் என்பதே சேக்கிழார் காட்டும் காரணம். உடலுழைப்புக்குக் கிடைத்த காசில் வட்டம் பிடிப்பதற்கு இடமில்லை என்பது அச்சரித்திரத்தின் உட்கிடை. தோட்டத்துக் கையுழைப்பில் வளர்ந்த எங்களுக்கு இதனினும் பெரிய வேதவாக்கு வேண்டுமோ?

ஆனால் எங்கள் மலைகளின் வரலாறு அந்த நீதிக்கு நேர்மாறாக நடந்தது. உழைப்புக்குரிய காசில் கங்காணியின் கடன் என்றும் முற்பணம் என்றும் வாசி பிடித்தார்கள். மனிதரின் மதிப்பே ‘துண்டு’ என்னும் கடன்சீட்டில் எழுதப்பட்டு, அச்சீட்டோடு அவர் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாறினார். 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்தோருக்கு இலக்கம் பொறித்த தகரவில்லையைக் கொடுத்து, அவ்விலக்கத்தைக் கொண்டே அவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்று அறிந்தார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தின்பின், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தோரிடம், மணமானவராயின் ஏழாண்டும் ஆகாதவராயின் பத்தாண்டும் இடையறாது இங்கே வாழ்ந்ததற்குச் சான்று கேட்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து கிள்ளிய விரல்களின் காய்ப்பு சான்றாகக் கொள்ளப்படவில்லை. 1964இன் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று இரு அரசுகளும் பிரித்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை, நாடற்றவர் என்னும் சீட்டு பலரின் வாழ்வின்மேல் ஒட்டியிருந்தது. சீட்டு இல்லாமையால் அவர்கள் இம்மண்ணுக்கு உரியவர் அல்லாமற் போயினரா? சீட்டு கிடைத்த நாளில்தான் உரியவர் ஆயினரா? உரிமை முன்னே இருந்தது. சீட்டு பின்னே வந்தது. அளவை பொருளை அறிவிக்குமேயன்றி, பொருளைப் படைக்காது. இந்த உண்மையை ஏட்டிலே கற்கவேண்டிய தேவை ஊவாத் தோட்டத்து மக்களுக்கு இல்லை.

காசையும் மனிதரையும் ஒரே தட்டில் வைப்பதாக எவரும் கருதலாகாது. காசு சடம், அதற்கு எண் இட்டால் அது வருந்தாது. ஆனால் எண்ணிடும் பழக்கம் மனத்தின் பழக்கம். சடப்பொருளில் பயின்ற மனம் சித்துப்பொருளிலும் அதனையே செய்யத் துணியும். பிள்ளைகளைப் பரீட்சைப் புள்ளியாலும், பெண்களைக் கொழுந்தின் நிறையாலும், கிழவரைப் பென்சன் தொகையாலும் கணித்து முடித்துவிடும் ஒரு சமுதாயத்துக்கு, கணிப்பின் எல்லை எது என்று நினைவூட்டுவது சமயத்தின் கடமை. மக்களின் ஏற்றத்தாழ்வை உரைத்துப் பார்க்கும் கல்லாக வள்ளுவர் அவரவருடைய செயலையே காட்டினார். அக்கல் எந்த நிறுவனத்திடமும் இல்லை, கட்டணத்துக்கும் கிடைக்காது.

சேகரிப்போருக்குக் கூறத்தக்கது இதுவே. தரநிர்ணயச் சீட்டை ஒரு சாட்சியின் சொல்லாகக் கேளுங்கள். நீதிபதியின் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். காண்டல் என்னும் அளவையை உங்கள் கண்ணிலே பயிற்றுங்கள். நூறு காசுகளைச் சாய்ந்த வெளிச்சத்திலே திருப்பித் திருப்பிப் பார்த்தவருக்கு, தேய்வுக்கும் அச்சின் மெலிவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சீட்டு வந்து சொல்ல வேண்டியதில்லை. எந்தக் காசு எந்த ஊரில், எந்த மண்ணில், யார் வீட்டிலிருந்து வந்தது என்னும் வரலாற்றை எழுதி வையுங்கள். எண் மாறும், வரலாறு மாறாது. நிறுவனங்களிடமும் மூன்றை வற்புறுத்திக் கேளுங்கள்: தீர்ப்போடு காரணத்தையும் எழுதுதல், பிழை நேர்ந்தால் அதற்குப் பொறுப்பேற்றல், குறை என்று தள்ளியதன் தன்மையையும் விரித்துரைத்தல். துளை என்று மாத்திரம் சொல்லாமல், அணிவதற்காக இட்ட பழந்துளை என்று சொல்வதற்கு இரண்டு சொற்களே மிகுதி. ஆயினும் அவ்விரண்டு சொற்களில் ஒரு குடும்பத்தின் வாழ்வு காப்பாற்றப்படும். அந்த அளவு சிரத்தையை ஒரு செப்புக்காசுக்குக் காட்டக் கற்றவர், சீட்டைக் கையிலேந்தித் தம் முன் நிற்கும் மனிதரின் முகத்தை முதலிலும், சீட்டைப் பின்னரும் நோக்குவார். மாற்றுரைப்பவரின் மாற்றை நாம் உரைத்து அறிவதும் அதனாலேதான்.